விலைவரைபும் வருவதுரைத்தலும்

ஆடி பிறந்ததும் ஊவாவின் மலைகளிலே வறண்ட காற்று வீசத் தொடங்கும். தென்மேற்குப் பருவக்காற்று தன் நீர்ச்சுமையை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே இறக்கிவிட்டு வெறுங்கையோடு கிழக்கே இறங்கி வருகின்றது. பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் தேயிலைச் செடிகள் அக்காற்றிற் பட்டு வளர்ச்சி குன்றுகின்றன, கொழுந்தின் அளவு குறைகின்றது, மணமோ மிகுகின்றது. யூலை முதல் செப்டெம்பர் வரையுள்ள இக்காலத்தை வணிகர் ஊவாப் பருவம் என்பர். அம்மணத்தை நாடிக் கொழும்பு ஏலத்திலே சிறந்த ஊவாத் தேயிலைக்குக் கூடுதல் விலை கொடுப்பதும் நெடுநாள் வழக்கம். இவ்விலைகளைத் தாளிலே புள்ளிகளாகக் குறித்துப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால், ஏறியும் இறங்கியும் செல்லும் ஒரு மலைத்தொடர் தோன்றும். அதனை நோக்கும் எவருக்கும் ஓர் எண்ணம் எழுதல் இயல்பே: அடுத்த முடி எங்கே எழும் என்பதை முன்னறிந்தால், பள்ளத்தில் வாங்கி முடியில் விற்றுப் பொருளீட்டலாமன்றோ?

இவ்வெண்ணமே வளர்ந்து விலைவரைபு ஆய்வு என்னும் ஒரு முறையாக உலகச் சந்தைகளிலெல்லாம் பரவியுள்ளது. ஒரு கம்பனி எதனை விளைவிக்கின்றது, எவ்வளவு இலாபம் பெறுகின்றது, அதனை நடத்துவோர் யாவர் என்பவற்றை ஆராயாது, அதன் பங்கு கடந்த நாட்களிலே என்ன விலைக்கு எத்துணை கைமாறியது என்பதை மட்டும் வரைந்து நோக்கி, வாங்கும் காலத்தையும் விற்கும் காலத்தையும் துணிவதே இம்முறையாகும். இதன் அடிப்படை யாது, அஃது எத்துணை உறுதியுடையது, ஊவாவின் தோட்டங்களோடு பெயராலும் பொருளாலும் தொடர்புடைய பங்குகளுக்கு அது பொருந்துமா என்பன ஆராயற்பாலன.

முதற்கண் வரலாற்றை நோக்குதல் தகும். இலங்கையிலே கொழும்புப் பங்குத் தரகர் சங்கம் அமைந்து, பெருந்தோட்டக் கம்பனிகளின் பங்குகள் முறையாகக் கைமாறத் தொடங்கியது 1896ஆம் ஆண்டிலாகும். அதே ஆண்டு மே 26ஆம் நாள், நியூயோர்க்கிலே சாள்ஸ் டோ என்னும் பத்திரிகையாளர் 12 கைத்தொழிற் கம்பனிகளின் பங்கு விலைகளைக் கூட்டிச் சராசரி கண்டு வெளியிட்டார். கோப்பி அழிந்த மலைகளிலே தேயிலையை நட்டு, அதன் பங்குகளை விற்கத் தொடங்கிய காலமும், பங்குச் சந்தையின் நாடியை ஓர் எண்ணாற் கூற முயன்ற காலமும் ஒன்றாய் அமைந்தன. டோ தம் கொள்கையைத் தனி நூலாக எழுதினாரல்லர். கடலிலே பெருக்கும், அலையும், சிற்றலையும் ஒருங்கே நிகழ்வதுபோல விலையிலும் பெரும்போக்கு, இடைப்போக்கு, அன்றாட அசைவு என மூன்று உள என்பது அவர் கட்டுரைகளிற் காணப்படும் கருத்து. 1902இல் அவர் மறைந்தபின், வில்லியம் ஹமில்டன் அக்கருத்தைத் தொகுத்து 1922இல் நூலாக்கினார். 1948இல் எட்வேட்ஸ், மக்கீ என்னும் இருவர் எழுதிய பெருநூல் இத்துறைக்கு இலக்கண நூல்போல் ஆயிற்று. கிழக்கிலும் இம்முறைக்கு ஒரு வேர் உண்டு. ஒரு நாளின் தொடக்க விலை, முடிவு விலை, உச்சம், தாழ்வு ஆகிய நான்கையும் ஒரே குறியில் அடக்கிக் காட்டும் மெழுகுதிரி வரைபு யப்பானிலே தோன்றியது. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹொம்மா முனெஹிசா என்னும் அரிசி வணிகரின் பெயரோடு மரபு அதனை இணைக்கின்றது.

இம்முறையார் வகுத்த கருவிகள் பல. அவற்றுட் சிலவற்றை அறிதல் பின்வரும் ஆய்வுக்குத் துணையாகும். விலை இறங்கும்போதெல்லாம் ஒரே மட்டத்திலே தடைப்பட்டு மீண்டும் எழுமாயின், அம்மட்டத்தைத் தாங்குநிலை என்பர். ஏறும்போதெல்லாம் ஒரே மட்டத்திலே தடைப்படுமாயின், அதனைத் தடைநிலை என்பர். கடந்த 50 நாட்களின் முடிவு விலைகளைக் கூட்டி 50ஆல் வகுத்து, நாள்தோறும் பழைய நாளொன்றை விலக்கிப் புதிய நாளொன்றைச் சேர்த்துச் செல்வது அசையும் சராசரி. விலை அதனைக் கடந்து மேலெழுந்தால் வாங்குக, கீழிறங்கினால் விற்க என்பது விதி. நடுவிலே உயர்ந்த முடியும் இருபுறமும் தாழ்ந்த முடிகளும் தோன்றினால் அது தலைதோள் வடிவம்; ஏற்றம் முடிந்ததற்கு அஃது அறிகுறி என்பர். 1978இல் வைல்டர் என்பார் அமைத்த ஒப்பீட்டு வலிமைச் சுட்டெண், 14 நாட்களின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒப்பிட்டு 0 முதல் 100 வரையுள்ள ஓர் எண்ணைத் தரும். 70க்கு மேற்பட்டால் அளவுமிஞ்சி வாங்கப்பட்டது என்றும் 30க்குக் கீழ்ப்பட்டால் அளவுமிஞ்சி விற்கப்பட்டது என்றும் கொள்வர்.

இக்கருவிகள் யாவும் மூன்று கொள்கைகளின்மேல் நிற்கின்றன. அறியத்தக்க செய்திகள் அனைத்தும் விலையிலே அடங்கியுள்ளன என்பது ஒன்று. விலை ஒரு போக்கைப் பற்றிக்கொண்டால் அப்போக்கிலேயே சிலகாலம் செல்லும் என்பது மற்றொன்று. மனிதரின் ஆசையும் அச்சமும் மாறாதனவாதலின் பழைய வடிவங்கள் மீண்டும் தோன்றும் என்பது மூன்றாவது. இவற்றை எளிதிற் புறக்கணித்தல் நேர்மையாகாது. சந்தை என்பது மனிதர் கூட்டமே. செய்தி அனைவருக்கும் ஒரே நேரத்தில் எட்டுவதில்லை. முந்தி அறிந்தோர் வாங்குவதால் விலை சிறிது எழ, பிந்தி அறிந்தோர் அவ்வெழுச்சியைத் தொடர்தல் நிகழக்கூடியதே. 1993இல் ஜெகதீஷ், டிற்மன் என்னும் அறிஞர் இருவர் அமெரிக்கப் பங்குகளை ஆராய்ந்து, கடந்த சில மாதங்களில் நன்கு ஏறிய பங்குகள் அடுத்த சில மாதங்களிலும் ஏனையவற்றை விஞ்சின என்று காட்டியமை இரண்டாங் கொள்கைக்குத் துணைநிற்கின்றது.

ஆயினும், முதற்கொள்கையும் மூன்றாங் கொள்கையும் தம்முள் முரணுவதைக் காண்டல் வேண்டும். அறியத்தக்க அனைத்தும் விலையில் அடங்கியுள்ளது என்பது மெய்யாயின், பலரும் அறிந்த பழைய வடிவமும் அவ்விலையிலே அடங்கிவிட்டதன்றோ? ஊவாப் பருவத்தை மீண்டும் நோக்குக. ஆடியிலே காற்று வரும், மணம் மிகும், விலை ஏறும் என்பது ஏலத்திலே விலைகூறும் ஒவ்வொருவரும் அறிந்த செய்தி. அவ்வேற்றத்தை எண்ணி வைகாசியிலே ஒரு தோட்டக் கம்பனியின் பங்கை வாங்கப் புகுவோன், அதனை விற்போனும் அதே செய்தியை அறிந்தே விலை கூறுகின்றான் என்பதை மறத்தல் ஆகாது. காரணம் தெரிந்த ஒழுங்கும், யாவரும் அறிந்த ஒழுங்காயின் இலாபந் தருதல் அரிது. அவ்வாறாயின், காரணமே தெரியாத வடிவம் ஒன்றனை நம்பி முதலை இடுவோன் நிலை என்னாகும்?

இக்கேள்விக்கு விடைகாண அறிஞர் நெடுங்காலம் முயன்றுள்ளனர். 1953இல் மோரிஸ் கெண்டல் என்னும் ஆங்கிலப் புள்ளிவிவர அறிஞர் பங்கு, கோதுமை, பருத்தி முதலியவற்றின் 22 விலைத் தொடர்களை ஆராய்ந்தார். சென்ற கிழமையின் மாற்றம் வரும் கிழமையின் மாற்றத்தைப் பெரும்பாலும் அறிவிக்கவில்லை என்று கண்டு அவரே வியப்புற்றார். 1959இல் ஹரி றொபேட்ஸ் என்பார் எழுந்தமானமாகப் பெற்ற எண்களைக் கூட்டிக் கோடாக வரைந்து, அக்கோட்டிலும் தலைதோள் முதலிய வடிவங்கள் தோன்றுவதைக் காட்டினார். வகுப்பறையிலேயே இதனைச் செய்து பார்க்கலாம். 50 ரூபாவிலே தொடங்கி, நாணயத்தைச் சுண்டித் தலை விழுந்தால் ஒரு ரூபா கூட்டியும், பூ விழுந்தால் ஒரு ரூபா குறைத்தும் 200 முறை குறித்துவரின், தாங்குநிலையும் தடைநிலையும் போக்கும் முறிவும் உள்ள அழகிய வரைபு ஒன்று கிடைக்கும். அந்நாணயத்திற்கு ஆசையுமில்லை, அச்சமுமில்லை. கண்ணே ஒழுங்கைத் தேடிக் கண்டது.

அமெரிக்காவிலே அல்பிரட் கவுள்ஸ், டோ கொள்கையைத் தழுவி ஹமில்டன் 1929 வரை எழுதிய முற்கூற்றுக்களைத் தொகுத்து நிறுத்துப் பார்த்தார். நிலையை மாற்றுமாறு அவர் கூறியன 90. அவற்றுள் 45 பயன்பட்டன, 45 பயன்படவில்லை. அவர் சொற்படி நடந்தவனுக்கு ஆண்டிற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 12 வருவாய் கிடைத்திருக்கும். பங்குகளை வாங்கி வாளாவிருந்தவனுக்கோ 15க்கு மேற்பட்ட வருவாய் கிடைத்திருக்கும். 1992இல் புறொக், லக்கோனிஷொக், லெபரன் ஆகியோர் டோ சுட்டெண்ணின் 1897 முதல் 1986 வரையுள்ள விலைகளிலே அசையும் சராசரி விதிகளைச் சோதித்து, அவற்றுக்கு ஓரளவு முன்னறிவிக்கும் ஆற்றல் உண்டு என்றனர். விலைவரைபு ஆய்வாளர் மகிழ்ந்தனர். ஆனால் 1999இல் சலிவன், டிம்மர்மன், வைட் என்போர் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட விதிகளை ஒருங்கே சோதித்து, முன்னைய காலத்திலே சிறந்து நின்ற விதி 1986க்குப் பின்வந்த பத்தாண்டிலே அச்சிறப்பைக் காட்டவில்லை என்று கண்டனர். இதன் காரணம் எளிது. பயனில்லா நூறு விதிகளைச் சோதிப்பினும், இருபதுக்கு ஒன்று என்ற கணக்கிலே ஐந்து விதிகள் தற்செயலாகவே பயனுடையன போலத் தோன்றும். தோற்ற தொண்ணூற்றைந்தை மறைத்து வென்ற ஐந்தையே நூலிற் காட்டின், படிப்போர் மயங்குதல் திண்ணம்.

மேனாட்டுப் பெருஞ்சந்தைகளின் நிலை இதுவாயின், கொழும்பின் நிலை இன்னும் நுணுகி நோக்கற்பாலது. 1975இல் அரசுடைமையாக்கப்பட்ட கம்பனித் தோட்டங்கள் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் பொறுப்பில் விடப்பட்டன. நமுனுகுல, மடுல்சீமை என்பன அதன்பின் மலைப் பெயர்களாக மாத்திரமன்றிப் பங்குப் பட்டியலின் பெயர்களாகவும் விளங்கலாயின. இக்கம்பனிகள் தனியாருக்கு விற்கப்பட்டபோது நூற்றுக்கு 51 பங்கு நடத்துவோர் கைக்கும், 10 பங்கு விலையின்றித் தொழிலாளர் கைக்கும் செல்லுமாறு விதிக்கப்பட்டது. எஞ்சியவற்றுள் ஒரு பகுதியே பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. எனவே நாள்தோறும் கைமாறக்கூடிய பங்கின் தொகை சிறிது. பெருங்குளத்திலே ஒருவன் கல்லெறிந்தால் அலை அடங்கிவிடும். சிறு கிணற்றிலோ நீர் கரைமீறும். கைமாறும் பங்கு குறைவாயுள்ள இடத்தில், பணமுடைய ஒருவர் சில நாட்கள் தொடர்ந்து வாங்கினாலே தடைநிலை உடைந்து அழகிய ஏறுபோக்கு ஒன்று வரைபிலே தோன்றும். அதனைச் சந்தையின் குரலென்று எண்ணித் தொடர்வோன், தனியொருவர் குரலையே கேட்டவனாவான்.

வரைபு காணாத பொருள்கள் வேறும் உள. மொனராகலை மாவட்டத்திலே, புத்தல நகரையடுத்துப் பெல்வத்தைக் கரும்புத் தோட்டமும் சீனி ஆலையும் உள்ளன. அவற்றை நடத்திய கம்பனியின் பங்கு கொழும்புச் சந்தையிலே விலைகூறப்பட்டு வந்தது. 2011 நவம்பரிலே நிறைவேறிய ஒரு சட்டம் 37 நிறுவனங்களின் சொத்துக்களை அரசிடம் சேர்த்தது; பெல்வத்தையும் அவற்றுள் ஒன்று. அக்கம்பனியின் விலைவரைபை எத்துணை நுட்பமாக வரைந்தவனும் தாங்குநிலையையும் தடைநிலையையும் கண்டிருப்பான். கீழே உள்ள நிலமும் ஆலையும் கைமாறப்போவதை அக்கோடுகளிலே எங்ஙனம் படித்திருப்பான்? தோட்டப் பங்குகளுக்கும் இஃதொக்கும். 2021 மார்ச்சிலே தொழிலாளரின் நாட்சம்பளம் வர்த்தமானி அறிவித்தலால் 1,000 ரூபா ஆயிற்று. அதே ஆண்டு மே மாதத்திலே இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரிலே தடை தளர்ந்தது. கம்பனியின் செலவையும் விளைவையும் மாற்றும் இவை, அறிவித்தலின் பின்னரே கோட்டிற் பதியத்தக்கவை.

2022ஆம் ஆண்டின் தேயிலை விலை இன்னொரு பாடத்தைத் தருகின்றது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோகிராமாக இருந்த நாட்டின் தேயிலை விளைவு 2022இல் ஏறத்தாழ 25 கோடியாக வீழ்ந்தது. கொழும்பு ஏலத்தின் சராசரி விலையோ ரூபாக் கணக்கிலே ஏறத்தாழ இருமடங்காயிற்று. கோட்டை மட்டும் நோக்கியவன் தேயிலைக்கு ஒரு பொற்காலம் பிறந்தது என்றே கொண்டிருப்பான். ஆனால் அவ்வாண்டு மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையே ஒரு டொலரின் விலை 200 ரூபாவளவிலிருந்து 360 ரூபாவளவிற்குச் சென்றது. ஏறியதிற் பெரும்பகுதி தேயிலையின் மதிப்பன்று, ரூபாவின் தேய்வு. அளக்கும் கோலே குறுகும்போது, அளக்கப்படும் துணி நீண்டதாகத் தோன்றுமன்றோ? வரைபு அளவைக் காட்டுமேயன்றி, அளவுகோல் மாறியதைக் காட்டாது.

செலவையும் கருதுதல் வேண்டும். கொழும்பிலே பங்கு வாங்கும்போதும் விற்கும்போதும் தனித்தனியே நூறு ரூபாவுக்கு ஒரு ரூபாவுக்குச் சற்று மேற்பட்ட தொகை தரகு, வரி முதலியவற்றுக்குச் செல்கின்றது. மாதம் ஒருமுறை வாங்கி விற்போன் ஆண்டு முழுவதிலும் தன் முதலிற் கால் பங்களவைச் செலவிலேயே இழப்பான். அவன் கண்ட வடிவங்கள் மெய்யாயினும், அவை அக்கால் பங்கை முதலில் ஈட்டிக்கொடுத்த பின்னரே இலாபம் என்னும் பேச்சிற்கு இடமுண்டு.

இங்ஙனமாயின், இம்முறையிற் கொள்ளத்தக்கது ஒன்றுமில்லையோ எனின், உண்டு. 1998இல் பிறவுண், கெற்ஸ்மன், குமார் ஆகியோர் ஹமில்டனின் முற்கூற்றுக்களை மீண்டும் ஆராய்ந்தனர். அவர் சொற்படி நடந்தவன் சில காலம் சந்தையை விட்டு விலகி நின்றமையால் அவன் தாங்கிய இடர் குறைவு. அவ்விடரையும் சேர்த்து எண்ணின் கவுள்ஸ் கூறியதினும் ஹமில்டன் சிறந்தவரே என்பது அவர்கள் முடிவு. ஆகவே, வரைபின் பயன் வருவதை உரைப்பதினும் இழப்பை வரம்பிடுவதில் உள்ளது எனலாம். இன்ன விலைக்குக் கீழே இறங்கினால் விற்றுவிடுவேன் என்று வாங்குமுன்னரே குறித்து, குறித்தபடி நடப்பவன், ஆசையாலும் நாணத்தாலும் இழப்பைக் கட்டியணைத்துக் கொண்டிருப்பவனிலும் மேலானவன். விலையின் வரலாறு, பங்கு எத்துணை கைமாறுகின்றது, எத்துணை விரைவில் ஏறி இறங்குகின்றது என்பவற்றை ஒரே பார்வையிற் காட்டுவதும் வரைபின் சிறப்பாகும்.

அவ்வரம்பும் முற்றும் நம்பத்தக்கதன்று. 2020 மார்ச் 20 முதல் மே 11 வரை, நோய்த்தடை ஊரடங்கினாற் கொழும்புச் சந்தை மூடிக்கிடந்தது. 2022 சனவரியிலே 13,000 புள்ளிகளைக் கடந்து நின்ற அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், அரசு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்துவதாக ஏப்பிரில் 12ஆம் நாள் அறிவிக்குமுன்பே வீழ்ந்துகொண்டிருந்தது. அறிவித்தலின்பின் ஏப்பிரில் 18 முதல் ஒரு கிழமை சந்தை மூடப்பட்டது. 25ஆம் நாள் திறந்து சிறிது நேரத்துள்ளே மீண்டும் நிறுத்தப்பட்டது. குறித்த விலைக்கு விற்க எண்ணியவன் விற்கும் கதவே மூடியிருக்கக் கண்டான். ஆகவே, இழக்கத் தாங்கும் அளவுக்கு மேல் இடாமையே முதல் வரம்பு. வரைபு தரும் வரம்பு அதற்கு அடுத்ததே.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. கைப்பேசியிலேயே கணக்குத் தொடங்கிப் பங்கு வாங்கும் வசதி வந்தபின், பதுளையிலோ பசறையிலோ வெல்லவாயவிலோ வாழும் இளைஞனுக்கும் கொழும்புச் சந்தை கையெட்டும் தொலைவில் உள்ளது. அது நன்றே, தோட்டங்களின் இலாபத்திற் பங்குகொள்ளும் உரிமை அத்தோட்டங்களில் உழைத்தோர் மக்களுக்கு இல்லையாயின் வேறு யாருக்கு உண்டு? ஆனால் அவன் கையில் உள்ள முதல் பெரும்பாலும் பெற்றோரின் ஊழியர் சேமலாப நிதி. முப்பது, நாற்பது ஆண்டுகள் மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்த கையின் சேமிப்பு. இந்தியாவின் பங்குச் சந்தை ஒழுங்காற்று நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டு எச்சரிக்கையாக அமைகின்றது. 2022 முதல் 2024 வரை முடிவுற்ற மூன்று நிதியாண்டுகளிலே, பங்குகளைச் சார்ந்த முன்பேர ஒப்பந்தங்களில் ஈடுபட்ட ஒரு கோடிக்கு மேற்பட்ட தனியாட்களுள் நூற்றுக்கு 93 பேர் இழந்தனர். இழந்த தொகை ஒன்றே முக்கால் இலட்சங்கோடி இந்திய ரூபாவுக்கு மேல். முன்பேர ஒப்பந்தம் பங்கினும் இடர்மிக்கது என்பது உண்மையே. ஆயினும், அங்கே இழந்தோர் கைகளிலும் அசையும் சராசரியும் மெழுகுதிரி வரைபும் இருந்தன என்பதில் ஐயமில்லை.

வள்ளுவர் தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்தைத் தொடங்குமிடத்து, ஒரு செயலால் வரும் ஆக்கத்திற்கு முன்னே அழிவையே எண்ணச் சொல்கின்றார். விலைவரைபு நூல்கள் பலவும் இவ்வரிசையை மாற்றி ஆக்கத்தை முதலில் வைத்தன. அவற்றின் குறை அதுவே. தோட்டப் பங்கொன்றை வாங்க விரும்பும் மாணவன் அதன் ஆண்டறிக்கையிலே விளைவையும் செலவையும் முதலிற் படிக்க. பின்னர் மழையையும் சம்பளத்தையும் டொலரின் விலையையும் நோக்குக. அப்பங்கு நாள்தோறும் எத்துணை கைமாறுகின்றது என்பதை அறிக. இழந்தாலும் வீட்டில் அடுப்பெரியும் அளவையே இடுக. இவையெல்லாம் செய்தபின் வரைபை விரித்துப் பார்ப்பதிலே தவறில்லை. ஆடிக்காற்று எப்பொழுது வரும் என்பதைத் தோட்டத்துப் பெரியோர் நன்கறிவர். அவ்வாண்டு அது எத்துணை மணந்தரும் என்பதைக் கொழுந்து ஆலைக்குச் சென்ற பின்னரே கூறுவர். அவர்தம் அடக்கத்தை விலைவரைபு வரைவோரும் கற்றுக்கொள்ளுதல் நன்று.